டிமென்ஷியா மாநாட்டுக்குத் தந்த நிதி வேறு வழியில் செலவானது குறித்த புகார்

அனுப்புநர்:
சந்தைப் பிரிவு, கணக்குப் பிரிவு சார்பாக,
முதியோர் பராமரிப்புப் பொருள்கள் தயாரிக்கும் நிறுவனம்,
கோயம்புத்தூர்.

பெறுநர்:
நிர்வாக இயக்குநர்,
மாநாட்டு ஏற்பாட்டு நிறுவனம்,
சென்னை.

பொருள்: டிமென்ஷியா ஆய்வு, பராமரிப்பு மாநாட்டுக்கான நிதியுதவி – ஒப்பந்த இணைப்பில் உள்ள பணிகள் நடக்காதது – ரூ.7,23,340 திருப்பிக் கேட்பது.

பார்வை: நிதியுதவி ஒப்பந்தமும் அதன் ‘ஆ’ இணைப்பும்; தங்கள் விலைப்பட்டியல்; மாநாட்டுக்குப் பின் தாங்கள் அனுப்பிய செலவு அறிக்கை.

ஐயா,

தங்கள் செலவு அறிக்கையில் எங்கள் பெயர் எத்தனை இடத்தில் தெரிந்தது என்ற கணக்கு பக்கம் பக்கமாக இருக்கிறது. மேடைப் பின்புலம், கழுத்துப் பட்டை, பை, நுழைவு வளைவு என எல்லாவற்றுக்கும் படம் இணைத்திருக்கிறீர்கள். நாங்கள் கேட்டது அதுவல்ல. வரி நீங்கலாகத் தந்த ரூ.12 லட்சத்தில் ஸ்டாலுக்குப் போனது ரூ.2 லட்சம், தமிழ்க் கையேட்டை அச்சிட ரூ.1 லட்சம். மீதி ரூ.9 லட்சமும் மறதிநோய் (டிமென்ஷியா) உள்ளவர்களும் அவர்களை வீட்டில் பார்த்துக்கொள்பவர்களும் மாநாட்டுக்கு வந்துபோக வழிசெய்வதற்காக மட்டுமே என்று ‘ஆ’ இணைப்பில் இனவாரியாக எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறோம். அந்த ரூ.9 லட்சத்தைப் பற்றித்தான் இந்தக் கடிதம். ஸ்டாலில் குறை ஒன்றும் இல்லை. மூன்றுக்கு இரண்டு மீட்டர் இடம், மேஜை, இரண்டு நாற்காலி, பிளக் எல்லாம் சொன்னபடி இருந்தன. கையேடும் நேரத்துக்கு வந்தது.

முதலில் குடும்பங்களுக்கான உதவித்தொகை. 60 குடும்பங்களுக்குத் தலா ரூ.6,000 வீதம் ரூ.3,60,000. அந்த ஆறாயிரத்தில் பதிவுக் கட்டணம் ரூ.2,000, போக்குவரத்து ரூ.1,500, மாநாடு நடக்கும் இரண்டு நாளும் வீட்டில் நோயாளியுடன் இருக்க ஒரு பயிற்சி பெற்ற பராமரிப்பாளருக்கு ரூ.2,500. இந்த மூன்றாவது தொகைதான் திட்டத்தின் உயிர். டிமென்ஷியா உள்ள அம்மாவையோ கணவரையோ தனியே விட்டுவிட்டு யாரும் கருத்தரங்குக்கு வர முடியாது. இலவசப் பதிவு மட்டும் தந்தால், வீட்டில் இன்னொரு ஆள் இருக்கும் வசதியான குடும்பங்கள்தான் வரும்.

தங்கள் அறிக்கைப்படி 22 குடும்பங்களே வந்திருக்கின்றன. ஒரு குடும்பத்துக்குக்கூட வீட்டுப் பராமரிப்பாளர் அனுப்பப்படவில்லை. ஏன் என்பது எங்களுக்குத் தெரிந்தவரை இதுதான்: விண்ணப்பப் படிவம் இணையத்தில் ஆங்கிலத்தில் மட்டும் இருந்தது, மருத்துவர்களுக்கான சலுகைக் கட்டணக் கெடு முடிந்த அன்றே அதையும் மூடிவிட்டீர்கள், ஹோம் நர்ஸ் ஏஜென்சிக்கு மாநாட்டுக்கு இரண்டு நாள் முன்புதான் சொல்லியிருக்கிறீர்கள். இந்த வேலையை அப்படிச் செய்ய முடியாது. வரப்போகும் ஆள் முந்தைய நாளே இரண்டு மூன்று மணி நேரம் அந்த வீட்டில் இருக்க வேண்டும். குடும்பத்தினர் ஒரு பக்கத் தாளில் மருந்து நேரம், சாப்பிடும் முறை, எப்படிக் கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பார், எத்தனை மணிக்கு ஒருமுறை கழிவறைக்கு அழைத்துப் போக வேண்டும் என்பதை எழுதித் தர வேண்டும். இரண்டு நாளும் ஒரே ஆள் வர வேண்டும். முன்பின் தெரியாதவர் காலை ஏழு மணிக்கு வந்து குளிக்க வாருங்கள் என்று கையைப் பிடித்தால், நோயாளி தள்ளிவிடத்தான் செய்வார். இவை அனைத்தும் இணைப்பின் 4ஆம் பத்தியில் இருக்கின்றன. படித்துப் பார்க்காமலே ஒப்புக்கொண்டீர்களோ என்ற சந்தேகம் எங்களுக்கு இருக்கிறது.

மீந்த பணத்தை எங்களிடம் கேட்காமலே ‘பிரதிநிதிகள் நல்கை’ என்ற தலைப்புக்கு மாற்றியிருக்கிறீர்கள். அதற்கு ஆதாரமாக வைத்தவை ஹோட்டல் அறை வாடகை ரசீதுகள். தங்கியவர்கள் பேச்சாளர்கள் அல்லாத மருத்துவர்கள். இது பணக் கணக்கோடு முடிகிற விஷயம் அல்ல. மருந்து நிறுவனங்களுக்கான சந்தைப்படுத்தல் நெறிமுறையை மத்திய மருந்தியல் துறை 2024 மார்ச்சில் வெளியிட்டது. பேச்சாளராக வருபவரைத் தவிர வேறு மருத்துவர்களுக்குப் பயணமோ தங்குமிடமோ ஏற்பாடு செய்யக் கூடாது என்கிறது அது. மருத்துவக் கருவி நிறுவனங்களுக்கும் அதே ஆண்டில் தனி நெறிமுறை வந்துவிட்டது. எங்கள் சக்கர நாற்காலியும் காற்று மெத்தையும் அந்த வகையில் வருபவை. நாங்கள் செய்யாத, செய்ய மறுத்திருக்கக்கூடிய ஒரு செலவு எங்கள் பெயரில் பதிவாகியிருக்கிறது. இத்துறையில் இருக்கும் தங்களுக்கு இந்த விதி தெரியாது என்று நம்புவது கடினம்.

அடுத்தது அமைதி அறை, ரூ.2,40,000. நோயாளிகளும் வரும் மாநாட்டில் இது இல்லாமல் முடியாது. டிமென்ஷியாவில் மூளை தேவையில்லாத சத்தத்தை வடிகட்டி ஒதுக்கும் திறனை இழக்கிறது. ஒலிபெருக்கி, பாத்திரச் சத்தம், பலர் பேச்சு எல்லாம் ஒரே அளவில் வந்து மோதும். சிறிது நேரத்திலேயே பதற்றம் தொடங்கிவிடும். அதனால் அரங்கிலிருந்தும் உணவுக் கூடத்திலிருந்தும் தள்ளி, கழிவறைக்குப் பக்கத்தில் ஓர் அறை கேட்டோம். கொடுத்தது கண்காட்சிக் கூடத்தின் பின்புறம், ஜெனரேட்டருக்கு ஒரு சுவர் தள்ளி.

தரை அதைவிட மோசம். பளபளக்கும் வினைல் விரிப்பு, அதில் கருநிறக் கட்டங்கள். அல்சைமர் நோயில் ஆழத்தையும் நிற வேறுபாட்டையும் உணர்வது குறைவதால், கருப்புக் கட்டம் பள்ளமாகவோ படியாகவோ தெரியும். கால் வைக்க மறுப்பார்கள், இல்லையென்றால் தாண்டப் பார்த்து விழுவார்கள். பளபளப்பு தண்ணீர் போலத் தெரியும். லூயி பாடி என்ற வகை டிமென்ஷியா உள்ளவர்களுக்கு இல்லாத உருவங்கள் தெரிவது பொதுவான அறிகுறி. அவர்களுக்குக் கோலமிட்ட தரையும் பூப்போட்ட திரையும் தொல்லைதான். ஒரே நிறத்தில், மினுமினுப்பில்லாத விரிப்பு என்று எழுதியிருந்தோம். சுவரில் ஆளுயரக் கண்ணாடி. கண்ணாடியில் தெரிவது தான்தான் என்று அடையாளம் தெரியாதவர் அதை அந்நியர் என்று நினைத்து அஞ்சுவார். அதை ஒரு துணியால் மூடியிருக்கலாம், ஐந்து நிமிட வேலை. கைப்பிடியுள்ள, 45 செ.மீ. உயர நாற்காலிகளுக்குப் பதில் தாழ்ந்த சோஃபாக்கள். முதியவர்கள் அதிலிருந்து தாமாக எழ முடியாது. கழிவறைக் கதவில் படத்துடன் பெரிய எழுத்துப் பலகை இல்லை, உள்ளே பிடிகம்பி இல்லை. இவ்வளவுக்கும் நடுவே, அறைக்குள் எங்கள் விளம்பரம் ஓடும் எல்இடி திரை ஒன்றை வைத்திருந்தீர்கள். யார் கேட்டார்கள்? மாநாடு நடந்துகொண்டிருந்தபோதே எங்கள் ஊழியர் சொல்லியும் திரை அணைக்கப்படவில்லை. முதல் நாள் மதியத்துக்குப் பிறகு அந்த அறையை யாரும் பயன்படுத்தவில்லை. இந்த இனத்தில் முழுத் தொகையையும் திருப்பிக் கேட்கிறோம்.

பராமரிப்பவர்களுக்கான அமர்வு முதல் நாள் காலை 10.30க்கு என்று முடிவாகியிருந்தது. அச்சான நிகழ்ச்சி நிரலில் அது மாலை 5 மணிக்குப் போய்விட்டது. காலை நேரம் ஒரு மருந்து நிறுவனத்தின் கருத்தரங்குக்குத் தரப்பட்டிருக்கிறது. மறதிநோய் உள்ள பலருக்குப் பொழுது சாயும்போதுதான் குழப்பமும் அலைச்சலும் கூடும். வீட்டில் விட்டுவிட்டு வந்தவர்கள் அந்த நேரத்துக்குத் திரும்பியாக வேண்டும். கூட்டிவந்தவர்களும் அப்போது உட்கார்ந்து கேட்க முடியாது. பாதி நாற்காலிகள் காலியாக இருந்ததை ‘ஆர்வக் குறைவு’ என்று அறிக்கையில் எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நீக்கக் கோருகிறோம்.

இந்த அமர்வை நாங்கள் அலங்காரத்துக்காகத் தேர்ந்தெடுக்கவில்லை. கோவாவில் நடந்து 2008இல் வெளியான ஆய்வில், மருத்துவர் அல்லாத பயிற்சி பெற்ற ஆலோசகர்கள் வீட்டுக்குப் போய்க் குடும்பத்துக்கு வழிகாட்டியபோது பராமரிப்பவரின் மனநலம் மேம்பட்டது. கொச்சியில் 1998இல் உருவான, வளரும் நாடுகளில் டிமென்ஷியாவை ஆராயும் 10/66 ஆய்வுக் குழு சென்னை நகரத்திலும் வேலூர்க் கிராமங்களிலும் ஆய்வு நடத்திய காலத்திலிருந்தே, இங்கே இந்த நோயின் சுமை வீட்டுக்குள்தான் இருக்கிறது என்பது பதிவான செய்தி. இந்தியாவில் 60 வயதைத் தாண்டியவர்களில் 7.4 சதவீதம் பேருக்கு, அதாவது ஏறக்குறைய 88 லட்சம் பேருக்கு டிமென்ஷியா இருப்பதாக 2023இல் வெளியான மதிப்பீடு சொல்கிறது. ஆண்களைவிடப் பெண்களிடமும் நகரத்தைவிடக் கிராமத்திலும் விகிதம் கூடுதல். அவர்களைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு இரண்டு நாள் மாநாட்டில் ஒன்றரை மணி நேரம் ஒதுக்கச் சொன்னோம், அவ்வளவே.

தமிழ் மொழிபெயர்ப்புக்கு ரூ.1,80,000. உடனுக்குடன் மொழிபெயர்க்கும் வேலையை ஒருவர் நாள் முழுவதும் செய்ய முடியாது. ஒரு சாவடிக்கு இருவர், 20 முதல் 30 நிமிடத்துக்கு ஒருமுறை மாறிக்கொள்வார்கள். பேச்சாளர்களின் ஸ்லைடுகளும் கலைச்சொல் பட்டியலும் முன்கூட்டியே அவர்கள் கையில் இருக்க வேண்டும். நீங்கள் அமர்த்தியது ஒருவரை. இரண்டாம் நாள் பிற்பகலில் மருந்தின் அளவு பற்றிய பகுதியில் அவர் வரிகளை விட்டுவிட்டுப் போனார். அவரைக் குறை சொல்ல மாட்டோம். அல்சைமர் நோய்க்குத் தரும் டோனெபெசில் பொதுவாக 5 மில்லிகிராமில் தொடங்கி நான்கு முதல் ஆறு வாரம் கழித்தே 10க்கு உயர்த்தப்படும் மருந்து. அந்த இடைவெளி காதில் விழாமல் எண் மட்டும் விழுந்தால், வீட்டில் யாராவது தாமாகவே மாத்திரையைக் கூட்டிக் கொடுக்கலாம். வாந்தி, வயிற்றுப்போக்கு, நாடித்துடிப்புக் குறைதல் எல்லாம் அதன் பின்விளைவுகள். பாதித் தொகை ரூ.90,000 கேட்கிறோம்.

எங்கள் சின்னம் எங்கே வரக் கூடாது என்பதையும் எழுதித் தந்திருந்தோம்: அறிவியல் அரங்கிலும் ஆய்வுச் சுருக்க நூலிலும். இரண்டிலும் இருந்தது. நூலின் அட்டையில் ‘அறிவியல் பங்காளர்’ என்ற பட்டம் வேறு. எந்தப் பேச்சாளரையும் நாங்கள் தேர்ந்தெடுக்கவில்லை, எந்த ஆய்வையும் மதிப்பிடவில்லை. சிறுநீர்க் கட்டுப்பாடு இழப்பு பற்றிய உரைக்கு மேலே டயப்பர் விற்கும் நிறுவனத்தின் சின்னம் தொங்கினால், உரையாளர் எவ்வளவு நேர்மையாகப் பேசினாலும் கேட்பவர் நம்ப மாட்டார். இதில் நட்டம் அவருக்கும் எங்களுக்கும். இணையப் பதிப்பில் அந்தச் சொல்லை எடுத்துவிட்டு, ‘நிபந்தனையற்ற கல்வி நிதி’ என்று உள்பக்கத்தில் ஒரு வரி போட்டால் போதும்.

இனி மிகவும் கவலை தருவது. பங்கேற்றவர்களின் பட்டியலைக் கேட்காமலே எங்களுக்கு மின்னஞ்சலில் அனுப்பியிருக்கிறீர்கள். பெயர், கைபேசி எண், அதோடு வீட்டில் யாருக்கு எந்த வகை டிமென்ஷியா, நோய் எந்தக் கட்டம் என்பது வரை. உதவித்தொகைக்காக எழுதிக் கொடுத்த விவரம் அது. 2023ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் அடிப்படையே, எந்த நோக்கத்துக்கு ஒப்புதல் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்கு மட்டும் பயன்படுத்துவது. எங்கள் பக்கம் அந்தக் கோப்பை அழித்துவிட்டோம். மற்ற ஸ்பான்சர்களுக்கும் அனுப்பினீர்களா என்பதை எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அனுப்பியிருந்தால் திரும்பப் பெற்று, சம்பந்தப்பட்ட குடும்பங்களுக்குத் தமிழில் தகவல் சொல்ல வேண்டும்.

விலைப்பட்டியலிலும் பிழை. 18 சதவீத ஜிஎஸ்டியைச் சேர்த்து வாங்கிவிட்டு, கீழே ‘ரிவர்ஸ் சார்ஜ்: ஆம்’, அதாவது வரியைச் சேவை பெறும் நாங்களே அரசுக்குக் கட்ட வேண்டும், என்று போட்டிருக்கிறீர்கள். 2025 ஜனவரி 16 முதல், தங்களைப் போன்ற பிரைவேட் லிமிடெட் நிறுவனம் தரும் ஸ்பான்சர்ஷிப் சேவைக்கு வரியை வசூலித்துக் கட்டுவது தங்கள் பொறுப்பு. இப்படியே விட்டால் ஒரே சேவைக்கு நாங்கள் இரண்டு முறை வரி கட்ட நேரும். விற்பனை விவரம் தரும் ஜிஎஸ்டிஆர்-1 படிவத்தை அடுத்து தாக்கல் செய்யும்போது திருத்துங்கள்.

திருப்பித் தர வேண்டிய தொகை: உதவித்தொகையில் 22 குடும்பங்களின் பதிவு, போக்குவரத்துக்கான ரூ.77,000 போக ரூ.2,83,000, அமைதி அறை ரூ.2,40,000, மொழிபெயர்ப்பு ரூ.90,000. ஆக ரூ.6,13,000, அதற்கான வரி ரூ.1,10,340, மொத்தம் ரூ.7,23,340. வரியைச் சரிசெய்யக் கிரெடிட் நோட் (விலைப்பட்டியல் தொகையைக் குறைக்கும் ஆவணம்) வேண்டும்; நிதியாண்டு முடிந்து வரும் நவம்பர் 30க்குள் அது கணக்கில் ஏறியாக வேண்டும். அடுத்த மாநாட்டில் சலுகை விலையில் பெரிய ஸ்டால் தருவதாகத் தங்கள் அலுவலர் தொலைபேசியில் சொன்னதை ஏற்க மாட்டோம்.

இக்கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பணமும் எழுத்துபூர்வ பதிலும் வர வேண்டும். வணிக நோக்கத்தில் பெற்ற சேவை என்பதால் இது நுகர்வோர் ஆணையத்துக்குப் போகாது என்பது இரு தரப்புக்கும் தெரியும். ஒப்பந்தத்தின் 17ஆம் பிரிவு நடுவர் தீர்ப்புக்கு வழி வைத்திருக்கிறது. அதற்கான அறிவிப்பு இது அல்ல. தேவைப்பட்டால் அது தனியே வரும். மாநாட்டின் அறிவியல் குழுவுக்கு இதன் நகலை அனுப்பியிருக்கிறோம், ஹோட்டல் ரசீதுகளின் நகல்களோடு.

இப்படிக்கு,
சந்தைப் பிரிவுத் தலைவர்
கணக்குப் பிரிவு மேலாளர்

இணைப்பு: ஒப்பந்தத்தின் ‘ஆ’ இணைப்பு, அமைதி அறையின் படங்கள், நிகழ்ச்சி நிரலின் இரு பதிப்புகள், விலைப்பட்டியல் நகல்.