பியட் விஷயமாக

பொள்ளாச்சி
ஞாயிறு மதியம்

அன்புள்ள கண்ணு,

போனில் சொன்னால் பாதியிலேயே ‘மீட்டிங் இருக்குப்பா’ என்று வைத்துவிடுவாய். வாட்ஸ்அப்பில் இவ்வளவு நீளம் போட்டால் படிக்கமாட்டாய். அதனால் அம்மா அனுப்பும் பொடி பார்சலிலேயே இதையும் வைக்கிறேன். பார்சல் உன் ஆபீஸ் முகவரிக்குத்தான் வரும், நீ சொன்னபடி. வீட்டு முகவரிக்கு அனுப்பினால் வாங்க ஆள் இருக்காது என்றாய். சரி. மாப்பிள்ளைக்கு வீட்டிலிருந்துதான் வேலை என்று நினைத்துக்கொண்டிருந்தேன், அவ்வளவுதான்.

விஷயம் உன் அப்பாரு, என் அப்பா, விட்டுப்போன பியட் கார். சித்திரையில் அடித்த காற்றில் ஷெட்டின் மேல் மட்டை விழுந்து இரண்டு ஷீட் உடைந்துவிட்டது. மழை நேராக வண்டி மேலேயே இறங்குகிறது. தார்ப்பாய் போட்டிருக்கிறேன், ஆனால் தார்ப்பாய் எத்தனை நாள் தாங்கும்? இந்த நேரம் பார்த்து பழைய இரும்புக்காரர் ஒருவர் சைக்கிள் மணி அடித்துக்கொண்டு வந்தார். எட்டிப் பார்த்துவிட்டு 22,000 என்றார். எடை கூடப் போடவில்லை. அம்மா ‘கொடுத்துடுங்க, பாம்பு கூடு கட்டுது’ என்றாள். அப்பாரு அத்தனை பேர் முன்னால் ‘வண்டி கண்ணுக்கு’ என்று சொன்ன பிறகு உன்னைக் கேட்காமல் நான் எப்படிக் கொடுப்பது? அடுத்த வாரம் வாங்க என்று சொல்லி அனுப்பினேன்.

அப்புறம் மரப்பேட்டையிலிருந்து மெக்கானிக் தம்பியைக் கூட்டிவந்தேன். அவன் அப்பாவைத்தான் உனக்குத் தெரியும், பீடிக்காரர். அவர் போய்விட்டார், இப்போது பையன் பார்க்கிறான். நல்ல பையன். கையிலே ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தம். அதைக் கைக்குட்டையில் சுற்றி கதவின் அடிப்பக்கமாகத் தேய்த்துக்கொண்டே போனான். மேலே கிச்சென்று ஒட்டியது. கீழே நாலு விரல் உயரத்தில் வழுக்கிக்கொண்டு விழுந்தது. ‘இங்கே தகடே இல்லீங்க, எல்லாம் பட்டி’ என்றான். ஸ்க்ரூ டிரைவரால் கதவுக்குக் கீழே இருக்கும் சைடு பீமைத் தட்டினான், முறுக்கு நொறுங்குகிற மாதிரி நொறுங்கி விழுந்தது. பின் சீட்டைத் தூக்கிப் பார்த்தால் தரையில் ஒரு தட்டு அளவு ஓட்டை. ஓட்டை வழியாக ஷெட்டின் சிமென்ட் தரையும் அதில் உதிர்ந்து கிடந்த தென்னம்பூவும் தெரிந்தது. நீ சின்ன வயதில் படுத்துக்கொண்டு பழனி வரைக்கும் தூங்கின இடம் அது.

அவன் சொன்னதை அப்படியே சொல்கிறேன், ஏனென்றால் நீ அவசரப்படுவாய். யார் வந்தாலும் முதலில் பெயிண்ட் அடித்துக் காட்டுவார்கள், மயங்காதே. முதலில் தரை, சைடு பீம், ஸ்பிரிங் வந்து மாட்டுகிற இடம், இதெல்லாம் தாங்குமா என்று பார்க்க வேண்டும். பழைய தகட்டின் மேலேயே புதுத் தகட்டை வைத்துப் பற்றவைப்பவர்கள் உண்டு. இரண்டு வருடத்தில் உள்ளே இருந்து மறுபடி தின்னும். வெட்டி எடுத்துவிட்டுத்தான் வைக்கணும். பெயிண்ட் கடைசி. முதலில் தரை. அம்மா இதைக் கேட்டுவிட்டு ‘நீங்க பெயிண்டைப் பாத்துத்தானே எதையும் முடிவு பண்ணுவீங்க’ என்றாள். எதைச் சொல்கிறாள் என்று நான் கேட்கவில்லை.

கணக்கையும் கேள். தகடு, டிங்கரிங், பெயிண்ட் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம். இன்ஜின் திறந்த பிறகுதான் தெரியும், எழுபதாயிரத்துக்குக் குறையாது. சீட், ஒயரிங், டயர், பிரேக் என்று பார்த்தால் மொத்தம் மூன்று லட்சத்தைத் தாண்டும். ஓடுகிற நிலையில் இருக்கும் பியட்டையே அதற்குக் குறைவாக வாங்கிவிடலாம். லாபக் கணக்குப் பார்த்தால் இது முட்டாள்தனம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. முன்பெல்லாம் மும்பை டாக்சிகளால் சாமான் கிடைத்துக்கொண்டிருந்தது. அங்கே கடைசி பியட் டாக்சி 2023 அக்டோபரில் ஓய்வு பெற்றுவிட்டது. இனி உக்கடத்திலும் புதுப்பேட்டையிலும் பழைய சாமான் கடைகளில் தேடித்தான் எடுக்கணும். இன்னொன்று, இப்போது வருகிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். அந்தக் காலத்து ரப்பர் குழாய், பம்பில் இருக்கும் டயாப்ரம் எல்லாம் அதில் ஊறிக் கெட்டுவிடும், மொத்தத்தையும் மாற்றணும். மாருதி இன்ஜினைத் தூக்கி வைத்துவிடலாம், தொல்லையே இல்லை என்று உன் சித்தப்பா ஐடியா கொடுக்கிறார். அவர் ஐடியாவால் நாம் பட்டது போதும்.

காகித விஷயம் இன்னும் சிக்கல். வண்டி 1977 மாடல், ஆர்.சி.யில் பிரீமியர் பத்மினி என்றுதான் இருக்கிறது. அப்பாரு ஒருநாளும் அந்தப் பெயரைச் சொன்னதில்லை, அப்பத்தா கிண்டல் பண்ணுவாள் என்று. 2022-இல் அவரே ஆட்டோவில் போய் ஐந்து வருடத்துக்குப் புதுப்பித்துக்கொண்டு வந்தார், 87 வயதில். அது 2027-இல் முடிகிறது. வண்டியின் சொந்தக்காரர் இறந்தால் மூன்று மாதத்துக்குள் படிவம் 31 கொடுத்துப் பெயர் மாற்றவேண்டும். நாம் ஒன்றரை வருடத்துக்கு மேல் தாண்டிவிட்டோம், அபராதம் இருக்கும். அவர் வாயால் சொன்னாரே தவிர எழுதி வைக்கவில்லை. அதனால் நேராக உன் பெயருக்கு மாற்ற முடியாது. வாரிசுச் சான்றிதழில் நானும் உன் அத்தையும் இருக்கிறோம், அத்தை கையெழுத்துப் போட்டால் என் பெயருக்கு, பிறகு உனக்கு. அத்தை போடுவாள். ஆனால் நீ கேட்டால்தான் போடுவாள், நான் கேட்டால் தோப்புப் பேச்சை எடுப்பாள்.

ஐம்பது வருடம் ஆன வண்டியை விண்டேஜ் என்று பதிய 2021-இல் சட்டம் வந்திருக்கிறது. நம் வண்டிக்கு அடுத்த வருடம் ஐம்பது. 20,000 கட்டினால் பத்து வருடத்துக்குக் கவலை இல்லை, பழைய நம்பரையே வைத்துக்கொள்ளலாம். சாதாரணமாகப் புதுப்பித்தால் இப்போது 10,000, ஐந்து வருடத்துக்கு. விண்டேஜ் நல்லதாகத் தெரிகிறதே என்று நினைத்தேன். ஆனால் அப்படிப் பதிந்தால் கண்காட்சி, ஊர்வலம், ரிப்பேர், பெட்ரோல் போட என்று இதற்கு மட்டும்தான் ரோட்டில் எடுக்கலாம். தினசரி ஓட்டக் கூடாது. மார்க்கெட்டுக்குப் போய் கத்தரிக்காய் வாங்க முடியாத வண்டி என்ன வண்டி? இன்ஜினையோ பாடியையோ பெரிதாக மாற்றியிருந்தாலும் விண்டேஜ் கிடைக்காது. அதனால் சித்தப்பா ஐடியா அதோடு முடிந்தது.

இதெல்லாம் முடிந்தாலும் வண்டி எங்கே நிற்கும்? பெங்களூருக்குக் கொண்டுபோவாயா? ஒயிட்ஃபீல்டு வீட்டில் உங்களுக்கு இரண்டு பார்க்கிங் என்று கிரகப்பிரவேசத்தன்று மாப்பிள்ளை காட்டினார். இப்போதும் அது இருக்கிறதா என்று தெரியாமல் நான் திட்டம் போட முடியாது. பார்க்கிங்கைத்தான் கேட்கிறேன்.

பொங்கலுக்கு வந்தபோது ஒரே ராத்திரி இருந்தாய். அப்பாரின் திதிக்கு வரவில்லை. பெங்களூர் என்ன அமெரிக்காவா கண்ணு, ராத்திரி பஸ் ஏறினால் விடிகாலை வந்துவிடலாம். வரமுடியாது என்றால் முடியாது என்று சொல், வேலை வேலை என்று சொல்லாதே. உன் வேலையை நான் குறைத்துச் சொல்லவில்லை. அந்த ஆபீசில் உனக்குக் கீழே முப்பது பேர் என்று பால்காரர் வரைக்கும் சொல்லிவைத்திருக்கிறேன். ஸ்டியரிங்கில் கியர் இருக்கிற வண்டியை 19 வயதில் நீ தேங்காய் மண்டி சந்துக்குள் ரிவர்ஸ் எடுத்தபோது லாரிக்காரர்கள் கீழே இறங்கி நின்று பார்த்தார்கள். பம்ப் ரூம் தூணில் இடித்தது வேறு நாள். அதை அப்பாரு தான் இடித்ததாகச் சொன்னார், எனக்குத் தெரியும்.

எனக்கு ஒருநாளும் அவர் சாவியை முழு மனதோடு கொடுத்ததில்லை. உனக்குக் கேட்காமலே கொடுத்தார். எனக்கு அதில் கொஞ்சம் வருத்தம் உண்டு. இந்த வயதில் சொன்னால் என்ன.

இனி எழுதப்போவது அம்மாவுக்குத் தெரியாது. அவள் பார்சல் ஒட்டுவதற்குமுன் கவரை ஒட்டிவிடுவேன்.

அப்பாரு கார்த்திகையில் வழுக்கி விழுந்தார் இல்லையா, அதிலிருந்து ஐப்பசி வரைக்கும் கட்டிலில்தான். முதல் வாரமே என்னைக் கூப்பிட்டு ‘வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை வண்டியை ஸ்டார்ட் பண்ணி பத்து நிமிசம் ஓட விடு’ என்றார். மூன்று வாரம் செய்தேன். நாலாவது வாரம் பேட்டரி இறங்கியிருந்தது. சார்ஜுக்குக் கொடுக்கணும், கழற்றணும், நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டேன். அவ்வளவுதான். அதற்குப்பிறகு சாவியையே தொடவில்லை.

வெள்ளிக்கிழமை ராத்திரி சாப்பாடு கொடுக்கும்போது கேட்பார், ‘ஸ்டார்ட் பண்ணினியா?’

‘பண்ணினேனுங்கப்பா.’

‘சூடு முள் எங்க நின்னுச்சு?’

‘பாதியில நின்னுச்சுங்க.’

தலையை ஆட்டுவார். கஞ்சியைக் குடிப்பார். பத்து மாதம், இதே கேள்வி, இதே பதில். சில வெள்ளிக்கிழமை நான் ஸ்கூட்டரை ஷெட் பக்கம் தள்ளிக்கொண்டுபோய் முறுக்கிவிட்டு வந்தேன், அவருக்குக் காது மந்தம், எந்த இன்ஜின் என்று தெரியாது என்று. 58 வயது எனக்கு அப்போது.

போன வாரம் தம்பி டேஷ்போர்டைக் கழற்றினான். சூடு காட்டும் மீட்டருக்குப் போகிற ஒயர் வெட்டி, நுனியில் கறுப்பு டேப் சுற்றியிருந்தது. தொட்டதும் டேப் உதிர்ந்தது, அவ்வளவு பழசு. ‘இது வேலை செஞ்சு முப்பது வருசம் இருக்கும்ங்க. வால்பாறை போய்ட்டு வந்ததும் ஐயா எங்கப்பாகிட்ட வெட்டச் சொன்னாராம். முள்ளைப் பாத்துக்கிட்டே ஓட்டினா பயம்தான் வரும், மூக்கு இருக்குல்லன்னு.’ சொல்லிவிட்டுச் சிரித்தான். நான் சிரிக்கவில்லை.

வால்பாறை மலைப்பாதையின் நாற்பது வளைவில் எந்த வளைவில் வண்டி கொதித்தது என்று இன்றும் சொல்வேன். முள் செத்தது மட்டும் எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்திருக்கும், நீ ஓட்டினவள்.

அவர் திட்டியிருக்கலாம். ‘ஏன்டா பொய் சொல்றே’ என்று ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நான் அழுதுகொண்டே போய் பேட்டரியை மாற்றியிருப்பேன். கேட்கவில்லை. நானாகச் சொல்லட்டும் என்று இருந்தாரோ, என்னவோ. நான் ஒவ்வொரு ஞாயிறும் ‘மாப்பிள்ளை எப்படி இருக்கார்’ என்று கேட்கிறேன், நீ ‘நல்லா இருக்கார்ப்பா’ என்கிறாய். சரி, அதை விடு.

ஆகவே இன்ஜின் சுழலாமல் இறுகிப்போனது அப்பாரு போன பிறகு இல்லை. ரேடியேட்டரில் பழைய தண்ணீர் கிடந்து, சிலிண்டர் துருவேறி, என்னால்தான். தம்பி நாலு பிளக்கையும் கழற்றி, ஓட்டைக்குள் ஆயில் ஊற்றி ஐந்து நாள் விட்டான். நேற்று சாயங்காலம் டாப் கியரில் போட்டு நானும் அவனும் பின்னாலிருந்து முன்னும் பின்னும் ஆட்டினோம். பாறை மாதிரி நின்றது. மூச்சு வாங்கி உட்கார்ந்துவிட்டேன். மறுபடி ஆட்டினபோது உள்ளே ‘டொக்’ என்று ஒரு சத்தம், வண்டி ஒரு விரல்கடை நகர்ந்தது. அவ்வளவுதான், அதற்கே அவன் என் கையைப் பிடித்துக் குலுக்கினான். அம்மா சமையலறையிலிருந்து என்னமோ விழுந்துவிட்டது என்று ஓடிவந்தாள்.

இன்ஜின் செலவு என்னுடையது. அதில் உன்னிடம் ஒரு பைசா வாங்கமாட்டேன். தகடு வேலை செய்வதா வேண்டாமா என்பதை மட்டும் நீ சொல். இரும்புக்காரருக்குக் கொடு என்றாலும் சரிதான், நான் கோபப்படமாட்டேன், ஆனால் நேரில் வந்து ஒருமுறை பார்த்துவிட்டுச் சொல். போட்டோ அனுப்பச் சொல்லாதே, போட்டோவில் பெயிண்ட்தான் தெரியும். முதலில் தரையைப் பார். அவசரமே இல்லை. ஆவணி பிறக்கட்டும், ஷெட்டுக்குப் புது ஷீட் சொல்லிவிட்டேன்.

எத்தனை டிக்கெட் எடுத்தாலும் சரி. ஒரே டிக்கெட் என்றாலும் ஸ்டாண்டுக்கு நான் வருகிறேன். மாடி ரூமில் ஃபேன் மாற்றியாயிற்று, உன் அலமாரியைக் காலி செய்துவைக்கச் சொன்னேன், அம்மா ஏன் என்று கேட்கவில்லை. எத்தனை நாள் இருப்பாய் என்று நாங்கள் யாரும் கேட்கமாட்டோம்.

வரும்போது டிக்கி சாவியை எடுத்துக்கொண்டு வா. அப்பாரு உனக்குக் கொடுத்த அந்தப் பித்தளை வளையத்தில்தான் இருக்கும், இங்கே வேறு சாவி இல்லை. உள்ளே ஸ்டெப்னியும் ஜாக்கியும் இருக்கும், வேறு என்ன வைத்தீர்களோ நீயும் அவரும். பூட்டை நெம்பித் திறந்துவிடட்டுமா என்று தம்பி கேட்டான். வேண்டாம், சாவி இருக்கிறவள் வருவாள் என்று சொல்லியிருக்கிறேன்.

அப்பா

பொடி டப்பா மூடி இறுக்கமாக இருக்கிறது, சுடுதண்ணீரில் காட்டித் திற. இரண்டு டப்பா வைத்திருக்கிறாள். ஒன்று போதும் என்று நான் சொன்னேன், கேட்கவில்லை.