அறுவடைக் காலமும் கருவிழிப் புண்ணும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கண்தானத்தின் தேவை குறித்துத் தங்கள் நாளிதழ் தொடர்ந்து எழுதிவருவது பாராட்டுக்குரியது. ஒருவருடைய கண் அத்தகைய தானத்தை எதிர்பார்க்கும் நிலைக்குச் செல்லாமல் காப்பது பற்றியும், பெரியாறு பாசனப் பகுதியில் அறுவடை நெருங்கும் இவ்வேளையில், எழுத வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

கண்ணின் முன்புறத்தை மூடியிருக்கும் கருவிழிப்படலம் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர் தடிமனே உடையது. எனினும், ஒளியைக் குவிக்கும் வேலையில் சுமார் மூன்றில் இரண்டு பங்கைச் செய்வது இப்படலமே. உள்ளிருக்கும் லென்சின் பங்கு அதைவிடக் குறைவு. ஒளி தடையின்றிச் செல்வதற்காக இதில் இரத்தக்குழாய்கள் இல்லை. உயிர்வளியைப் பெரும்பாலும் காற்றிலிருந்து கண்ணீர் வழியாகவும், ஊட்டத்தை உட்புற நீரிலிருந்தும் பெறுகிறது. இதனாலேயே, கிருமி புகுந்தால் எதிர்த்து நிற்க வேண்டிய வெள்ளணுக்கள் இங்கே விரைந்து வந்துசேர முடிவதில்லை.

மேலடுக்கில் மட்டும் ஏற்படும் சிறு கீறல் பெரும்பாலும் ஓரிரு நாட்களில் ஆறிவிடும். அதற்குக் கீழே கொலாஜன் என்னும் புரத நார்கள் மிகச் சீரான இடைவெளியில் அடுக்கப்பட்டிருக்கின்றன; படலத்தின் தெளிவுக்கு அந்த ஒழுங்கே முக்கியக் காரணம். புண் அதுவரை இறங்கிவிட்டால், ஆறிய பின்னும் வெண்தழும்பு நிலைத்து, கண்ணில் பூ விழுந்துவிட்டது என்று சொல்லும் நிலை ஏற்படுகிறது.

நெற்கதிரும் கரும்புச் சோகையும் கண்ணில் கீறும்போது, அவற்றோடு பியுசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் முதலிய பூஞ்சைகளும் உள்ளே செல்லக்கூடும். மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையில் 1994ஆம் ஆண்டின் முதல் மூன்று மாதங்களில் கருவிழிப் புண்ணோடு வந்த 434 பேரை ஆராய்ந்தபோது, அவர்களில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்கு முன்னதாகக் கண்ணில் அடிபட்டிருந்தது. ஆய்வகச் சோதனையில் கிருமி வளர்ந்தவர்களுள் சுமார் பாதிப் பேரிடம் பூஞ்சை காணப்பட்டது.

ஆனால் நம் ஊர்களில் கண்ணில் தூசு விழுந்தவுடன் தாய்ப்பால் விடுவதும், நந்தியாவட்டைச் சாறு பிழிவதும் இன்னும் நடக்கின்றன. கீறலின் மீது புதிய கிருமிகளைச் சேர்ப்பதே இவற்றின் விளைவாகிவிடுகிறது. இதைவிட எனக்குக் கவலை தருவது, மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து. அது சிவப்பையும் வலியையும் குறைப்பதால் நோயாளி குணமாகிவிட்டதாக நம்பி வேலைக்குச் சென்றுவிடுகிறார். உடலின் எதிர்ப்பாற்றலை அம்மருந்து அடக்கிவிடுவதால், பூஞ்சையோ உள்ளே தடையின்றிப் பரவுகிறது. பூஞ்சைப் புண்ணுக்குரிய நாட்டமைசின் போன்ற மருந்தை வாரக்கணக்கில் விட வேண்டியிருக்கும் என்பதால், தாமதமாகும் ஒவ்வொரு நாளும் பார்வையைப் பாதிக்கிறது.

ஃப்ளோரசீன் என்னும் சாயத்தாள் ஒன்றைக் கண்ணில் தொட்டு, நீல ஒளியில் பார்த்தால், கீறல் பச்சையாக ஒளிர்ந்து தெரியும். செலவு மிகக் குறைந்த இச்சோதனையை வாடிப்பட்டி, மேலூர், அலங்காநல்லூர் வட்டாரங்களின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் அறுவடை முடியும்வரையேனும் நாள்தோறும் கிடைக்கச் செய்ய வேண்டும். மருத்துவர் சீட்டின்றி ஸ்டீராய்டு சொட்டு மருந்து விற்கப்படுவதை மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கண்காணிக்க வேண்டும். கண்ணில் அடிபட்டால் தேய்க்காமல், எதையும் ஊற்றாமல், அன்றைக்கே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்னும் அறிவிப்பை, நெல் கொள்முதல் நிலையங்களிலும் தங்கள் நாளிதழின் வேளாண் பக்கத்திலும் வெளியிட்டால், வயலில் இறங்குவோர் கண்ணில் அது படும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியர்,
வாடிப்பட்டி, மதுரை மாவட்டம்