வீட்டில் உட்கார விடாதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கு எல்லோரும் நலம். போனில் எதைச் சொன்னாலும் “சரி அம்மா, சரி அம்மா” என்று வைத்துவிடுகிறாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முழுக்கப் படி.

மாமாவும் அத்தையும் அங்கே வருவது உறுதியாகிவிட்டது. அவர்கள் மகன் நியூவார்க்கில் ரயில் ஏற்றிவிடுவான். அது பகலெல்லாம் ஓடி இரவு எட்டு மணி வாக்கில் பிட்ஸ்பர்க் வந்து சேரும். வரவேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை. பென்ஹில்ஸ் பெருமாளைச் சேவிக்காமல் ஊர் திரும்ப மாட்டேன் என்று அத்தை ஒற்றைக் காலில் நிற்கிறார். நீ அதே ஊரில் இருக்கும்போது அவர்களை ஹோட்டலில் தங்கச் சொன்னால் தூத்துக்குடிக் கல்யாணப் பேச்சு மறுபடியும் கிளம்பும். ஒரு வாரம்தான். சமாளித்துவிடலாம்.

ஒன்று மட்டும் மனதில் வை. அவர்களை வீட்டில் உட்கார விடாதே. காலையில் எட்டரைக்குக் கிளம்பினால் பொழுது சாய்ந்து திரும்ப வேண்டும். களைத்து வந்தவர்கள் சாப்பிட்டுப் படுத்துவிடுவார்கள். அத்தையைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வீட்டில் அரை மணி நேரம் இருந்தால் போதும், அலமாரியில் எத்தனை தட்டு இருக்கிறது என்று எண்ணிச் சொல்லிவிடுவார்.

செலவை நினைத்து மலைக்காதே. அந்த ஊரில் காசில்லாமல் பார்க்க எவ்வளவோ இருக்கிறது. நான் வந்திருந்தபோது நீ ஆபீஸ் போன பிறகு பஸ் ஏறி ஏறிப் பார்த்தவள்தானே! கார் வேண்டியதே இல்லை. உன் தெருமுனையிலேயே 61சி பஸ் நிற்கிறது. அப்போது ஒரு பயணத்துக்கு இரண்டே முக்கால் டாலர் எடுத்தார்கள். பஸ் அட்டையில் கொடுத்தால் மூன்று மணி நேரத்துக்கு எத்தனை வண்டி மாறினாலும் அதே டிக்கெட்தான். சில்லறையாகக் கொடுத்தால் மீதி தர மாட்டார்கள், அதனால் இருவருக்கும் முதல் நாளே அட்டை வாங்கிக் கொடுத்துவிடு. முதியவர்களுக்குச் சலுகை இல்லையா என்று மாமா ஓட்டுநரிடம் வம்புக்குப் போவார். அது பென்சில்வேனியா மாநிலத்து முதியவர்களுக்கு லாட்டரி வருமானத்தில் கொடுப்பது, திருநெல்வேலிக்காரர்களுக்கு இல்லை என்று முன்பே சொல்லி வை.

முதல் நாள் ஓக்லாந்து. பல்கலைக்கழகத்தின் அந்த 42 மாடிக் கட்டிடத்துக்கு அழைத்துப் போ. கீழ்த்தளக் கூடத்துக்குள் நுழைய யாரும் காசு கேட்பதில்லை. கல் வளைவுகளுக்குக் கீழே பிள்ளைகள் விளக்கைப் போட்டுக்கொண்டு படித்துக்கொண்டிருப்பார்கள், மாமாவைச் சத்தமாகப் பேச விடாதே. பணம் போதாமல், பள்ளிப் பிள்ளைகள் ஆளுக்குப் பத்து சென்ட் கொடுத்து ஒரு செங்கல் வாங்கிய கட்டிடம் அது. கொடுத்தவர்கள் 97,000 பிள்ளைகள். இதைக் கட்டாயம் சொல். முப்பது வருடம் வகுப்பெடுத்த எனக்கே அதைக் கேட்டபோது உடம்பு சிலிர்த்தது. பல நாடுகளுக்குத் தனித்தனி வகுப்பறை வைத்திருக்கிறார்கள் அல்லவா, அதில் நம் நாட்டு அறை நாளந்தா மாதிரியில் கட்டியது. அறைகளைச் சுற்றிப் பார்க்கச் சிறு கட்டணம் இருக்கலாம், அதைக் கொடுத்துவிடு. செங்கல் சுவரைப் பார்த்தால் மாமா நாளந்தா பற்றி ஒரு மணி நேரம் பேசுவார். பேசட்டும். அந்த ஒரு மணி நேரமும் நமக்கு லாபம்தான்.

அங்கிருந்து நடக்கிற தூரத்தில் கார்னெகி நூலகம். 1895 இல் திறந்தது. வாசல் மேல் ‘மக்களுக்கு இலவசம்’ என்று கல்லில் வெட்டியிருக்கிறார்கள். பக்கத்தில் ஃபோர்ப்ஸ் சாலையோரம் நிற்கும் டைனோசர் சிலையோடு படம் எடுத்துக்கொள்ளட்டும். உள்ளே அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் விலை அதிகம். நூலக அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சில இடங்களுக்கு இலவச டிக்கெட் ஒதுக்குவார்களே, கிடைக்கிறதா என்று பார். கிடைக்காவிட்டால் விட்டுவிடு. கண்ணாடி மாளிகைப் பூக்களுக்கும் காசு கொடுக்காதே. எதிரிலேயே ஷென்லி பூங்கா சும்மா கிடக்கிறது. மதியச் சாப்பாடு தூக்குச்சட்டியில் கொண்டுபோ. புளியோதரையும் உருளைக்கிழங்குப் பொரியலும் போதும். வெளியில் சாப்பிட்டால் மூன்று பேருக்கு ஐம்பது டாலர் காலி.

உனக்கு லீவு கிடைக்காத நாளில் மாமாவை ஹோம்ஸ்டெட் அனுப்பு. அதே 61சி, ஆறு தாண்டினால் வந்துவிடும். இந்த யோசனையை நினைத்து எனக்கே பெருமையாக இருக்கிறது. மில்லில் சங்கத்துக்காக இரண்டு முறை வேலையை விட்ட மனிதர் அவர். கார்னெகியின் இரும்பாலை இருந்த இடம் அது. 1892 இல் கதவடைப்பு செய்தார்கள். கூலிப் படையைப் படகில் ஏற்றி ஆற்று வழியாக இறக்கப் பார்த்தார்கள். ஜூலை 6 விடியற்காலையில் தொழிலாளர்கள் கரையில் நின்று தடுத்தார்கள். இரண்டு பக்கமும் ஆட்கள் செத்தார்கள். இப்போது அங்கே கடைத்தெருவும் சினிமா கொட்டகையும் வந்துவிட்டன, ஆனாலும் பழைய ஆலையின் செங்கல் புகைபோக்கிகள் மட்டும் வரிசையாக நிற்கின்றன. அன்றைக்கு நான் பக்கத்தில் போய்த் தொட்டுப் பார்த்தேன். அடிப்பக்கம் அவ்வளவு அகலம், இரண்டு பேர் கை கோத்தாலும் சுற்ற முடியாது. முதல் நாள் நூலகத்தைப் பாராட்டிய மாமா, அதே கார்னெகி இங்கே செய்ததைத் தெரிந்துகொண்டு அன்று இரவு முழுக்க அதைப் பற்றித்தான் பேசுவார். வேறு எதையும் கேட்க மாட்டார். புரிகிறதா?

அத்தையை அந்தச் சமயத்தில் கடைகளில் விடு. அந்த மாநிலத்தில் துணிக்கு வரி இல்லை, அது போதும்.

நீ எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் “நல்லா இருக்கேன்” என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் பேசியபோது உனக்குப் பின்னால் கதவோரக் கொக்கிகள் தெரிந்தன. நான்கு கொக்கியில் உன் நீலக் கோட்டு ஒன்றுதான் தொங்கியது. வெயில் காலம், மற்றதை எல்லாம் மடித்து உள்ளே வைத்திருப்பாய். அவர்கள் வரும் முன் இரண்டு மூன்றை எடுத்து மாட்டி வை. வெறும் கொக்கி பார்க்க நன்றாக இல்லை. ஜெயண்ட் ஈகிள் மளிகைக் கடையிலிருந்து பையைத் தூக்கிக்கொண்டு நடந்தே வந்தேன் என்று சொன்னாயே, பால் கேனும் அரிசியும் வைத்தா? மேட்டுத் தெரு. இடுப்பு என்னத்துக்கு ஆகும்? உன் அப்பா இருந்திருந்தால் இதற்கே ஊரைக் கூட்டியிருப்பார்.

ஊருக்குள் ஒரு நாள் போதும். ஆறு இரண்டும் சேர்ந்து ஓஹையோவாகும் முனையில் பெரிய நீரூற்று இருக்கிறது, பக்கத்தில் 1764 இல் கட்டிய சிறிய காவல் வீடு. இரண்டுக்கும் காசில்லை. ஊரின் நடுப்பகுதிக்குள் அந்தச் சின்ன ரயிலில் எங்கே ஏறி எங்கே இறங்கினாலும் இலவசம். ஆற்றுக்கு அடியில் சுரங்கத்தில் போய் அக்கரையில் ஏறும். மாமா நம்ப மாட்டார், ஏற்றிக் காட்டு. திரும்பும்போது மஞ்சள் பாலங்களில் ஒன்றின் வழியாக நடந்து வாருங்கள். பூச்சிமருந்தின் கேட்டை உலகத்துக்கு எடுத்துச் சொன்ன ரேச்சல் கார்சன் அம்மாவின் பெயர் வைத்த பாலம் ஒன்று இருக்கிறது. அந்தம்மா பிறந்தது பக்கத்து ஊர்.

பிறகு ஸ்மித்ஃபீல்ட் பாலம் தாண்டி மலை ரயிலுக்குப் போகலாம். பழனி விஞ்ச் போலத்தான், ஆனால் 1870 இல் போட்டது. மேட்டில் குடியிருந்த தொழிலாளர்கள் வேலைக்கு இறங்கி ஏறுவதற்காக வைத்தார்களாம். பஸ் அட்டையே செல்லும். மேலே போனதும் ஊர் முழுக்கக் காலடியில் தெரியும். விளக்கு போடும் நேரம் வரை அங்கேயே பிடித்து வை. அந்த ஊரில் எழுநூறுக்கும் மேல் படிக்கட்டு வழிகள் இருக்கின்றன. அழகாக இருக்கிறதே என்று அத்தையை அவற்றில் ஏற்றிவிடாதே. முழங்கால் பிடித்துக்கொண்டால் மறுநாள் வீட்டிலேயே உட்கார்ந்துவிடுவார். நான் சொன்னது நினைவிருக்கிறதல்லவா? வீட்டில் உட்காரக் கூடாது.

சனிக்கிழமை காலையில் ஸ்டிரிப் கடைத்தெரு. மீன் கடையில் மாமாவை விட்டால் ஐஸில் கிடக்கும் மீன்களின் செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டு ஒரு மணி நேரம் நிற்பார். வாங்க விடாதே, உன் அடுப்பில் மீன் பொரித்தால் அலாரம் அடிக்கும். அந்த ஊர்க்காரர்கள் மெச்சும் சாண்ட்விச்சை ஒன்றே ஒன்று வாங்கி மூன்று பேரும் பங்கு போடுங்கள். தொட்டுக்கொள்ள வேண்டிய உருளைக்கிழங்கு வறுவலையும் கோஸையும் ரொட்டிக்குள்ளேயே திணித்திருப்பார்கள். எனக்குப் பிடிக்கவில்லை.

கோயிலுக்கு மட்டும் பஸ்ஸை நம்பாதே. ஞாயிற்றுக்கிழமை வாடகைக் கார் வைத்துக்கொள். 1970களிலேயே நம்மவர்கள் திருப்பதியை மனதில் வைத்துக் கட்டிய கோயில் அது, அத்தை அழாமல் வெளியே வர மாட்டார். சாப்பாட்டுக் கூடத்தில் தயிர் சாதம் கிடைக்கும், அங்கேயே மதியத்தை முடித்துவிடுங்கள். அங்கே உன்னைத் தெரிந்தவர்கள் யாராவது வந்து விசாரித்தால், பேச்சை வளர்க்காதே.

ஏனென்றால் நான் ஒன்று சொல்லி வைத்திருக்கிறேன். நீ என்னைத் திட்டலாம். மாப்பிள்ளை வேலை விஷயமாகக் கலிபோர்னியா போயிருக்கிறார் என்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளையிடம் ஏதாவது கொடுத்துவிட வேண்டுமா என்று சாதாரணமாகத்தான் கேட்டார். என் வாயில் அது வந்துவிட்டது. எந்த ஊர் என்றார், சான் ஹோசே என்றேன். எத்தனை நாள் என்றார், கிறிஸ்துமஸ் வரை இருக்கலாம் என்றேன். கார் எங்கே என்று கேட்பாரோ என்று நினைத்து, பழையதை விற்றுவிட்டார்கள், அவர் வந்ததும் புதியது வாங்கப் போகிறார்கள் என்று நானே முந்திக்கொண்டு சொன்னேன். பிள்ளைகளைப் பொய்க்காக வெளியே நிற்க வைத்தவள் நான்! சொல்லி முடித்துப் போனை வைத்ததும் எனக்குக் கை நடுங்கியது. நீ எதுவும் சொல்லவில்லை. எனக்கு எதுவும் தெரியாது. மாப்பிள்ளை நாளைக்கே கதவைத் திறந்து வந்து நின்றால் எனக்குச் சந்தோஷம்தான், மாமா என்னைப் பொய்க்காரி என்றால் என்றுவிட்டுப் போகட்டும். ஆனால் நீயும் சான் ஹோசே என்றே சொல். ஊரை மாற்றிவிடாதே.

உன்னைக் குறை சொல்வதாக நினைக்காதே. தனியாகப் போய்ப் படித்து, தனியாக வேலை தேடி, பனியில் நடந்து வேலைக்குப் போனவள் நீ. இந்தத் தெருவில் எவள் செய்தாள் அதை? நான் சொல்லாத ஆள் இல்லை. அம்மாவிடம் மட்டும் எதையும் சொல்லாமல் இருப்பதை எங்கே கற்றாய் என்றுதான் புரியவில்லை. பெரியம்மாவும் இப்படித்தான் மூன்று வருடம் வாயைத் திறக்கவில்லை. பிறகு நடந்தது உனக்குத் தெரியும்.

அத்தையின் பெட்டியில் நாரத்தங்காய் ஊறுகாய் டப்பா ஒன்று இருக்கும், பழைய தினமணி சுற்றியது. அதை அவர்கள் எதிரில் பிரிக்காதே. பேப்பருக்கும் பிளாஸ்டிக் பைக்கும் நடுவில் டாலர் வைத்திருக்கிறேன். வளையலைத் தொடவில்லை, என் பென்ஷன் பணம்தான். திருப்பி அனுப்பினால் எனக்குக் கோபம் வரும். பஸ் அட்டைக்கும் வாடகைக் காருக்கும் போக மீதியை வீட்டு வாடகைக்கு வைத்துக்கொள்.

இன்னும் ஒன்று. என் விசா இன்னும் செல்லும். அவர்கள் கிளம்பிய பிறகு நவம்பரில் வர டிக்கெட் பார்க்கட்டுமா? ஊர் சுற்ற இல்லை, நான்தான் எல்லாம் பார்த்துவிட்டேனே. உனக்குச் சமைத்துப் போட்டுக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருப்பேன். குளிர் ஒத்துக்கொள்ளாது என்று சாக்குச் சொல்லாதே, ஸ்வெட்டர் இருக்கிறது. ஆமா, இல்லை என்று ஒரு வார்த்தை போதும். பத்தாம் தேதிக்குள் சொன்னால் விலை குறைவாகக் கிடைக்கும் என்று எதிர்வீட்டுப் பையன் சொல்கிறான்.

அன்புடன்,
அம்மா