மேசன் லொட்ஜும் எங்கள் ஊர் வரலாறுதான்

ஆசிரியருக்கு,

திருகோணமலையின் பழைய இடங்கள் பற்றிச் சென்ற வாரம் வெளியிட்ட செய்தியில், மூடப்பட்ட மேசன் லொட்ஜை, அதாவது கட்டட மேசன்களல்ல, 'ஃப்ரீமேசன்' என்ற சகோதரத்துவச் சங்கத்தின் ஊர்க் கிளையை, 'வெள்ளைக்காரரின் இரகசியச் சங்கம்' என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். சடங்குகள் இரகசியம், சரி. ஆனால் உறுப்பினர் பெயர், தொழில், சேர்ந்த நாள் எல்லாவற்றையும் பதிந்து தலைமைச் சங்கத்துக்கு அனுப்புவது இவர்களது வழக்கம். இலங்கையரும் பிற்காலத்தில் மேசன்களானார்கள். துறைமுக ஊரில் யார் யாரோடு பழகினார்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எது?

என் அப்பப்பா கடற்படைத் தளத்தில் எழுதுவினைஞர். 1957இல் தளத்தை இலங்கையிடம் கையளித்துவிட்டு பிரித்தானியர் புறப்பட்டபோது, ஓர் அதிகாரி விட்டுப்போன பெட்டியில் நீலக்கரை வைத்த வெள்ளைத் தோல் ஏப்ரன் ஒன்று இருந்தது. அது மேசன்கள் கூட்டத்தில் கட்டுவது. அப்பாச்சிக்கு அது தெரியாது. சமையலுக்குக் கட்டிக்கொண்டார், மஞ்சள் கறை இன்னும் இருக்கிறது.

இப்படி எத்தனை வீட்டுப் பெட்டிகளில் என்னென்ன கிடக்கிறதோ! நகரப் பொது நூலகம் இவற்றைப் படம்பிடித்துச் சேர்க்கலாம். லண்டன் மேசன் தலைமையகத்தின் நூலகத்துக்கு எழுதி, திருகோணமலை பற்றிய பதிவுகளின் பிரதிகளையும் கேட்கலாம். ஏப்ரனை நான் தருகிறேன்.

வாசகர் ஒருவர்,
திருகோணமலை