தெற்கு ஹோபர்ட் அம்மாவுக்கும் உங்கள் எல்லோருக்கும்

அன்புள்ள நண்பர்களுக்கு,

என்ன நடந்தது என்று மறுபடி எழுதப் போவதில்லை. உங்களில் பலர் அன்றிரவே கூப்பிட்டுப் பேசிவிட்டீர்கள், பேச முடியாதவர்கள் எழுதினீர்கள். இப்போது சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஆஸ்திரேலியாவின் டாஸ்மானியாத் தீவுக்கு நாடுகடத்தப்பட்ட கைதிகளைப் பற்றி நான் எழுதி, தொலைத்துவிட்ட அந்தக் கைதிகள் தொடர் திரும்பக் கிடைத்துவிட்டது. முழுவதும் இல்லை, பெரும்பகுதி. நேற்று மாலைதான் கடைசிக் கட்டு காகிதங்களை ஸ்கேன் செய்து முடித்தேன். மனது இன்னும் ஒரு நிலைக்கு வரவில்லை, அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் முன்னே பின்னே போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழைய மின்னஞ்சல்களைத் தோண்டி நான் அனுப்பிய பகுதிகளைத் திருப்பி அனுப்பியவர்கள், கைபேசியில் எடுத்து வைத்திருந்த படங்களைப் பார்த்து வரி வரியாகத் தட்டச்சு செய்து கொடுத்த யாழ்ப்பாணத்து அக்கா, திருச்சியிலிருந்து தினமும் இரவு "எவ்வளவு தேறியது?" என்று கேட்டுக்கொண்டே இருந்த தம்பி, நான் கேட்ட அதே பதிவேடுகளைச் சலிக்காமல் இரண்டாம் முறையும் எடுத்துக் கொடுத்த, இங்கே தலைநகர் ஹோபர்ட்டின் நூலக ஊழியர்கள், உங்கள் எல்லோருக்கும் நன்றி. டப்ளினில் இருக்கும் நண்பருக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். 1922இல் அங்கே ஆவணக் காப்பகம் இருந்த ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்றக் கட்டிடம் எரிந்தபோது, 1836க்கு முந்தைய அயர்லாந்து நாடுகடத்தல் பதிவேடுகள் அதோடு போய்விட்டன. அந்தக் காலத்து ஆட்களைத் தேடுவதென்றால் அவர்களோ அவர்கள் வீட்டாரோ தண்டனையைக் குறைக்கச் சொல்லிக் கொடுத்த கருணை மனுக்கள்தான் அந்தப் பக்கத்தில் ஒரு பிடி. விடுப்பு எடுத்துக்கொண்டு போய் அந்த மனுக்களை எனக்காக மறுபடியும் படித்துக் குறிப்பு அனுப்பினார்.

அப்புறம் அந்த அம்மா. பெயர் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார், அதனால் தெற்கு ஹோபர்ட் அம்மா என்றே எழுதுகிறேன். எண்பது வயதைத் தாண்டியவர். அவருடைய பாட்டியின் பாட்டி 1840களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் மேற்கு அயர்லாந்தில் ஓர் ஆட்டைத் திருடியதற்காக 7 ஆண்டுத் தண்டனை பெற்று, டப்ளினிலிருந்து கப்பலேறி வான் டீமன்ஸ் லேண்டுக்கு, அதாவது இன்றைய டாஸ்மானியாவுக்கு, வந்தவர். இது அம்மாவுக்கே நாற்பது வயதுக்கு மேல்தான் தெரிய வந்தது. இங்கே பல வீடுகளில் கைதி வம்சம் என்பதை வாய்விட்டுச் சொல்லாமலே மூன்று நான்கு தலைமுறைகள் கடந்திருக்கின்றன. அவரைப் பெற்ற தாய்க்குத் தெரிந்திருந்ததா என்பதுகூட அவருக்குத் தெரியாது.

தொடருக்காக அவரிடம் நிறைய கேட்டிருக்கிறேன். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. இருந்தாலும் ஒரு பகுதி முடிந்ததும், மரியாதைக்கு, அச்செடுத்து ஒரு பிரதி கொடுத்துவிட்டு வருவேன். வாங்கும்போதெல்லாம் இது எதைப் பற்றி என்று கேட்பார், சொல்வேன், அதோடு மறந்துவிடுவேன். செய்தி கேள்விப்பட்ட மறுநாள், குளிரில், பேருந்து பிடித்து என் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு தடித்த கோப்பு. உள்ளே நான் கொடுத்த அத்தனையும், ஒவ்வொன்றும் ஒரு பிளாஸ்டிக் உறையில், கொடுத்த வரிசையில். ஒவ்வொன்றின் மூலையிலும் நான் சொன்னதை வைத்துப் பென்சிலில் ஒரு வரி: இது போர்ட் ஆர்தர் சிறை பற்றி, இது கப்பல் மருத்துவர்கள் பற்றி, இது நம் பாட்டி.

நான் அழுதுவிட்டேன். அவர், "படிக்கத் தெரியாதுதான், ஆனால் எங்கள் பாட்டியைப் பற்றி ஒருவர் உட்கார்ந்து எழுதியிருக்கிறார், அதை எப்படித் தூக்கிப் போடுவேன்?" என்றார். அப்புறம் அந்தப் பாட்டியின் பகுதியைத் தமிழில் சத்தமாக வாசிக்கச் சொன்னார். வாசித்தேன். கப்பலின் பெயரும் பாட்டியின் பெயரும் வரும்போது மட்டும் தலையாட்டினார்.

அந்தப் பகுதியில் இருந்ததெல்லாம் நடத்தைப் பதிவேட்டிலிருந்து எடுத்தது. கைதி ஒவ்வொருவருக்கும் ஒரு பதிவு எழுதினார்கள்: என்ன குற்றம், எத்தனை ஆண்டு, எந்தக் கப்பல், உயரம், கண்ணின் நிறம், முகத்தில் புள்ளி, கையில் குத்திய பச்சை. ஓடிப்போனால் அடையாளம் காட்ட வேண்டுமே. அதற்குக் கீழே இங்கே வந்த பிறகு செய்த தவறுகள். அனுமதி இல்லாமல் வெளியே இருந்தது, எஜமானியை எதிர்த்துப் பேசியது, குடித்திருந்தது. தண்டனை, தனி அறையில் ரொட்டியும் தண்ணீரும், அல்லது சலவைத் தொட்டியில் வேலை. தெற்கு ஹோபர்ட்டில் மலையடிவாரத்தில், பழைய சாராய ஆலைக் கட்டிடத்தில் 1828இல் தொடங்கிய கேஸ்கேட்ஸ் பெண்கள் சிறைக்கூடம்தான் இதற்கெல்லாம் இடம். குளிர்காலத்தில் அங்கே வெயில் சீக்கிரமே போய்விடும், ஈரம் போகாது. அந்த ஈரத்தில்தான் குழந்தைகளையும் வைத்திருந்தார்கள், எவ்வளவோ குழந்தைகள் செத்திருக்கின்றன. 1853இல் நாடுகடத்தல் நிற்கும் வரை இந்தத் தீவுக்கு வந்தவர்கள் 70,000க்கும் மேல், அதில் ஏறக்குறைய 12,500 பேர் பெண்கள். பலருக்கு எழுதத் தெரியாது. அதனால் அவர்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது பெரும்பாலும் அவர்களைத் தண்டித்தவர்கள் எழுதி வைத்ததுதான்.

இந்தக் கடிதத்தை எப்படித் தொடங்குவது என்று யோசித்தபோது நினைவுக்கு வந்தது ராஜா என்ற கப்பல். 1841 ஏப்ரலில் 180 பெண்களோடு இங்கிலாந்திலிருந்து கிளம்பி ஜூலையில் ஹோபர்ட் வந்தது. கிளம்பும் முன், சிறைச் சீர்திருத்தத்துக்குப் பாடுபட்ட எலிசபெத் ஃப்ரை தொடங்கிய பெண்கள் சங்கம் அவர்களுக்கு ஊசி, நூல், கத்தரிக்கோல், துண்டுத் துணிகள் எல்லாம் கொடுத்தனுப்பியது. வழியில் அவர்கள் 2,815 துண்டுகளைச் சேர்த்து ஒரு பெரிய போர்வை தைத்தார்கள், ஓரத்தில் அந்தச் சங்கத்துப் பெண்களுக்கு நன்றி என்று நூலாலேயே எழுதினார்கள். நீங்கள் சொன்னபடி உழைப்பாக இருக்கிறோம் என்றும் அதில் ஒரு வரி உண்டு. மேலிடத்தைத் திருப்திப்படுத்தத் தைத்த வரி அது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, திரும்புவோமா என்று தெரியாமல், மூன்று மாதத்துக்கும் மேல் கடலில் கிடந்தவர்கள். அந்த நிலையில் ஊசியும் நூலும் கொடுத்தவரை நினைத்துக்கொள்வது உண்மையாகத்தான் இருக்கும். போன மாதம் வரை இதை இவ்வளவு உறுதியாகச் சொல்லியிருக்க மாட்டேன். அந்தப் போர்வை ஸ்காட்லாந்தில் ஒரு வீட்டுப் பரணில் 1987இல் கிடைத்தது. இப்போது கான்பெராவில் தேசியக் கலைக்கூடத்தில் இருக்கிறது. நடுவில் அதை யார் யாரோ தூக்கிப் போடாமல் வைத்திருந்திருக்கிறார்கள்.

தொடரை மறுபடி எழுதும்போது இரண்டு விஷயங்களை மாற்றுகிறேன். முதலில் போர்ட் ஆர்தரிலிருந்து தொடங்கியிருந்தேன், எல்லோரும் அங்கிருந்துதான் தொடங்குவார்கள். இனி கேஸ்கேட்ஸிலிருந்து, அம்மாவின் பாட்டியிலிருந்து தொடங்கும். இரண்டாவது, முடிந்த ஒவ்வொரு பகுதியும் காகிதத்தில் அச்சாகி, கேட்கிற எல்லோர் வீட்டுக்கும் தபாலில் வரும், செலவு என்னுடையது. முகவரியைத் தனிச்செய்தியில் அனுப்புங்கள். அம்மாவுக்கு முதல் பிரதி, இந்தத் தடவை ஒவ்வொரு பகுதிக்கும் ஆங்கிலத்தில் ஒரு பக்கச் சுருக்கத்தோடு.

இன்னும் ஓர் உதவி வேண்டும். போர்ட் ஆர்தருக்கு எதிரே, பாயின்ட் பூயரில், 1834 முதல் 1849 வரை சிறுவர்களுக்கென்றே ஒரு சிறை இருந்தது, செருப்புத் தைக்கவும் மரவேலைக்கும் கல் கொத்தவும் பழக்கினார்கள், ஒன்பது பத்து வயதுப் பிள்ளைகள்கூட அங்கே இருந்தார்கள். அந்தப் பகுதி மட்டும் அம்மாவின் கோப்பிலும் இல்லை, மின்னஞ்சலிலும் இல்லை. அம்மா மருத்துவமனையில் இருந்த சமயம் எழுதியது, அதனால் அவருக்குக் கொடுக்கவில்லை. அதன் படமோ நகலோ யாரிடமாவது இருந்தால், பாதிப் பக்கமாக இருந்தாலும் பரவாயில்லை, அனுப்புங்கள்.