செயலாளரின் ஆண்டறிக்கை (லேண்ட்ரோவர் சேசிஸ் விவரம் உட்பட)

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயலவை நண்பர்களே, மழையென்றும் பாராமல் பாலாய் ராயா பொதுமண்டபத்துக்கு வந்திருக்கும் நம் பழைய வாகனச் சங்க உறுப்பினர்களே, வணக்கம். வராதவர்களுக்கு இது வாட்சாப்பில் வரும். படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சங்கப் பதிவிலாகாவுக்குப் போக வேண்டிய ஆண்டு விவரங்கள் 60 நாள் கெடுவுக்குள் அனுப்பப்பட்டன. செயலவைக் கூட்டங்கள் நடந்தன. தைப்பூசத்துக்குத் தண்ணீர்ப் பந்தல் போட்டோம். தமிழ்ப்பள்ளி விளையாட்டுப் போட்டிக்கு வண்டிகள் கொடுத்தோம். ஈப்போ வரை போன பழைய வாகன ஊர்வலம் நல்லபடி முடிந்தது. ஒரு மோரிஸ் மைனர் மட்டும் லாரியில் ஏறித் திரும்பியது. தீபாவளி விருந்துக்குக் கூட்டம் அலைமோதியது. அன்று எல்லா உறுப்பினர்களையும் பார்க்க முடிந்தது.

இனி சங்கம் பழுதுபார்த்துவரும் பழைய லேண்ட்ரோவர் வண்டிக்கு வருகிறேன். "இன்னுமா பெயிண்ட் அடிக்கல?" என்று வாட்சாப் குழுவில் கேட்ட எல்லாருக்கும் சேர்த்து ஒரே பதிலாக எழுதுகிறேன், அதனால் கொஞ்சம் நீளும்.

லேண்ட்ரோவர் 1948-இல் ஆம்ஸ்டர்டாம் கண்காட்சியில் முதன்முதலாக வெளிவந்த வண்டி. அதே ஆண்டு ஜூன் மாதம்தான் நம் சுங்கை சிப்புட் பக்கத் தோட்டங்களில் மூன்று வெள்ளைக்காரத் துரைமார் சுடப்பட்டு, கம்யூனிஸ்டுகளுக்கு எதிரான மலாயா அவசரகாலம் தொடங்கியது. நம்மிடம் இருப்பது அவ்வளவு பழசில்லை, பிறகு வந்த சீரிஸ் த்ரீ மாடல். தோட்ட நிர்வாகம் பெரிய மனசு பண்ணிக் கொடுத்தது. பாடி அலுமினியக் கலவை என்பதால் மேலுக்கு நன்றாகவே இருந்தது. ஒரு சுற்று பெயிண்ட் அடித்துத் தேசிய தினத்துக்கு ஓட்டிவிடலாம் என்று போன கூட்டத்தில் சிலர் பேசினார்கள்.

ஆனால் சேசிஸ், அதாவது வண்டியைத் தாங்கும் அடிச்சட்டம், இரும்பு. சுமார் 2 மில்லிமீட்டர் தகடுகளைப் பெட்டிபோல வெல்டிங் செய்தது. சேறும் தண்ணீரும் உள்ளே போய்த் தங்கினால் துரு உள்ளிருந்தே தின்றுகொண்டு வரும். போதாததற்கு இந்த வண்டி செம்பனைக்கு உரம் ஏற்றிய வண்டி. பொட்டாஷ் உரம் என்பது பொட்டாசியம் குளோரைடு, அதுவும் ஒரு உப்புதான். உப்பை வைத்துக்கொண்டு மேலே எந்தப் பெயிண்டை அடித்தாலும் சில மாதத்தில் கொப்பளிக்கும். ஆகவே முதல் வேலை கழுவுவது. கிரீஸை எடுத்துவிட்டு, நல்ல தண்ணீரை வேகமாகப் பீய்ச்சி, உள்ளேயும் குழாயை விட்டுக் கழுவினோம். கிரீஸ் இருக்கும்போதே தேய்த்தால் அது இரும்போடு இன்னும் ஒட்டிக்கொள்ளும்.

அப்புறம் சுத்தியலால் தட்டிப் பார்த்தோம். பின்பக்கக் குறுக்குச் சட்டத்தில் சத்தம் மந்தமாக வந்தது. ஸ்க்ரூ டிரைவரை வைத்து அழுத்தினால் உள்ளே போய்விட்டது. அந்த இடங்களை வெட்டி எடுத்துப் புதுத் தகடு வைத்த வெல்டிங் அண்ணன் கூலி வாங்கவில்லை என்பதை இங்கே பதிவு செய்கிறேன்.

நம் இளைஞர்கள் ஹாட் ராட் எனப்படும், வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய அமெரிக்கக் கார்களின் படங்களைக் காட்டி, அவர்கள் செய்வதுபோலவே செய்யலாம் என்றார்கள். ஆர்வத்தைப் பாராட்டுகிறேன். ஆனால் அந்தப் படங்களில் இருந்த 1932 ஃபோர்டு காரின் அடிச்சட்டம் ஒரு பக்கம் திறந்தது. பிரஷ் எல்லா இடத்துக்கும் போகும். நம்முடையது மூடியது. இன்னொரு மூத்த உறுப்பினர், ரப்பர் பால் உறைய வைக்கும் ஃபார்மிக் ஆசிட்டை ஊற்றினால் துரு ஓடிவிடும் என்றார். துரு போகும், உண்மைதான். ஆனால் இடுக்கில் தங்கிய ஆசிட்டை வெளியே எடுப்பது யார்? மீதி இரும்பையும் அது தின்னும். மறுத்துவிட்டேன். அவர் அதிலிருந்து கூட்டத்துக்கு வருவதில்லை.

சின்னச் சாமான்களை மட்டும் நீல டிரம்மில் சலவை சோடா கரைத்து, பேட்டரி சார்ஜர் வைத்து எடுத்தோம். மைனஸ் வயர் துருப்பிடித்த சாமானுக்கு, பிளஸ் வயர் வேண்டாத இரும்புத் துண்டுக்கு. எவர்சில்வர் கரண்டியைப் போடலாமே என்று ஒருவர் கொண்டுவந்தார். அதிலுள்ள குரோமியம் கரைந்து விஷமாகும் என்பதால் திருப்பிக் கொடுத்தோம். டிரம்மிலிருந்து ஹைட்ரஜன் வரும் என்று சொல்லியும் பக்கத்தில் நின்று சிகரெட் பிடித்தவர் பெயரை எழுதவில்லை.

பெரிய சட்டத்துக்குக் கம்பி பிரஷ் போதாது. அது துருவைப் பளபளப்பாக்கும், குழிக்குள் இருப்பது அப்படியே இருக்கும். காற்றழுத்தத்தில் துகள்களைப் பீய்ச்சித் துருவை எடுக்கும் பிளாஸ்டிங்குக்கு அனுப்பினோம். ஆற்று மணலில் மலிவாகச் செய்வதாகச் சொன்னார்கள். அந்தத் தூசு நுரையீரலைக் கெடுக்கும் என்பதால் கார்னெட் என்ற கனிமத் துகள்தான் வேண்டும் என்று நின்றோம். செலவு கூடியதற்கு இது ஒரு காரணம். வேலை நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முடித்ததை இரவு முழுக்க வெட்டவெளியில் போட்டுவிட்டார்கள். காலையில் போனால் சட்டம் முழுக்க மஞ்சளாகத் துரு பூத்திருந்தது. சண்டை போட்டுத்தான் மறுபடி செய்ய வைத்தோம்.

பிளாஸ்டிங் முடிந்த இரும்புக்கு நம் ஊர் ஈரக்காற்றே போதும். அன்றைக்கே பிரைமர் என்ற முதல் பூச்சை அடிக்க வேண்டும், சாயங்கால மழைக்கு முன்னால். காற்றில் ஈரம் 85 சதவீதத்தைத் தாண்டினால் அடிக்கக்கூடாது. வெறுங்கையால் தொடக்கூடாது, வியர்வையும் உப்பு. நாங்கள் அடித்த எபோக்சி பிரைமரில், இறுக வைக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் அது யாருக்காகவும் காத்திருக்காது. இதையெல்லாம் முன்கூட்டியே குழுவில் போட்டு, ஆள் வேண்டும் என்று கேட்டேன். எல்லாரும் பார்த்ததற்கு நீல டிக் சாட்சி. வந்தவர்கள் பொருளாளர், வெல்டிங் அண்ணன், முட்டி வலியோடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஐயா. முடிந்தபின் படம் போட்டதும் கைதட்டல் குறி மட்டும் குவிந்தது.

சாதாரண ரெட் ஆக்சைடு பிரைமர் அடித்திருந்தால் பாதிக் காசில் முடிந்திருக்குமே என்று கேட்டவருக்கு: அது ஈரத்தை உள்ளே விடும். பாதிக் காசை இரண்டு தடவை கொடுக்க நான் தயாரில்லை. சேசிஸ் எண் பொறித்த இடத்தைத் தேய்க்காமல் காப்பாற்றினோம். வாகனப் பரிசோதனை நிலையமான புஸ்பாகோமில் அதைத் தேடுவார்கள்.

கணக்கைப் பொருளாளர் வாசிப்பார். மொத்தத்தில் வரவும் செலவும் ஏறக்குறைய ஒட்டி வந்தன, செலவு சற்றே முன்னால் நிற்கிறது. ரசீதுகள் கோப்பில் உள்ளன. சிலவற்றில் எழுத்து மங்கிவிட்டது. சந்தா பாக்கி கணிசமாக இருக்கிறது. பெயர் சொல்லவில்லை, ஆனால் இந்தப் பாக்கியால் என்ன ஆனது என்று மட்டும் சொல்கிறேன். எபோக்சி மேல் அடுத்த பூச்சைக் குறிப்பிட்ட நாளுக்குள் அடித்தால் தானாகப் பிடித்துக்கொள்ளும். மேல்பூச்சு வாங்கக் காசில்லாமல் அந்தக் கெடு தாண்டிவிட்டது. இப்போது முழுச் சட்டத்தையும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த பிறகுதான் அடிக்க முடியும்.

ஸ்டோர் கொடுத்த தோட்ட நிர்வாகத்துக்கும், ஞாயிறுதோறும் நாசி லெமாக் அனுப்பிய மகளிருக்கும், தலைவருக்கும், செயலவைக்கும் நன்றி.

அடுத்த ஆண்டு மேல்பூச்சு, சட்டத்தின் பெட்டிக்குள் துரு தடுக்க மெழுகு, பிறகு ஸ்பிரிங், ஆக்சில். செயலாளர் பொறுப்பை யாராவது ஏற்க முன்வந்தால் கோப்புகளோடு கிரைண்டரையும் மகிழ்ச்சியாக ஒப்படைப்பேன். அதுவரை, தேய்ப்பு வேலை வரும் ஞாயிறு காலை 8 மணிக்கு, தோட்டத்துப் பழைய ஸ்டோரில். கையுறையும் முகக்கவசமும் சங்கம் தரும். சந்தாவை அங்கேயே கட்டலாம், ரசீதுப் புத்தகத்தைக் கொண்டுவரச் சொல்லி பொருளாளரிடம் சொல்லியாயிற்று.

இப்படிக்கு,
செயலாளர்