தோட்டத்து வாத்தியார் எழுதுன நோட்டு யார் வீட்ல இருக்கு?

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்க பத்திரிகையில அமெரிக்காவுல கல்விக்குப் பாடுபட்டவங்களோட பழைய கடிதங்களப் பத்தி வந்த கட்டுரைய படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஹோரஸ் மான், புக்கர் வாஷிங்டன்னு பெரிய பேரா அடுக்கிட்டுப் போயிட்டீங்க. மகளோட யூனிவர்சிட்டி அசைன்மென்ட்டுக்காக அவகூட உக்காந்து நான் படிச்ச ரெண்டு பொம்பளைங்கள விட்டுட்டீங்களேன்னுதான் இத எழுதுறேன்.

லோரா டவுன், ஷார்லட் ஃபோர்ட்டன். ரெண்டு பேருமே 1862ல, உள்நாட்டுப் போர் நடந்துக்கிட்டு இருக்கும்போதே, தென் கரோலினா பக்கம் செயின்ட் ஹெலினா தீவுக்குப் பாடம் சொல்லிக் கொடுக்கப் போனவங்க. தீவு பூரா பருத்தித் தோட்டம், வடக்கு மாநிலத்துப் படை வந்ததும் முதலாளிங்க ஓடிட்டாங்க, வேலை செஞ்ச கறுப்பு சனங்க அங்கேயே இருந்துட்டாங்க. அடிமைக்கு எழுதப் படிக்க சொல்லிக் கொடுத்தாலே குத்தம்னு அந்த மாநிலத்துல 1834லயே சட்டம் போட்டிருந்தாங்க, அந்த எடத்துலதான் டவுன் ஒரு தோட்டத்து பங்களாவோட பின்னால ரூம்ல பள்ளிக்கூடத்த ஆரம்பிச்சாங்க. பென் ஸ்கூல்னு பேரு. 1901ல சாகுற வரைக்கும் அந்தத் தீவுலதான் இருந்தாங்க, அவங்க கடிதமும் டைரியும் 1912ல புத்தகமா வந்துச்சு.

ஃபோர்ட்டன் கறுப்பினப் பொண்ணு, ஃபிலடெல்ஃபியாக்காரங்க. 1864ல அட்லாண்டிக் மந்த்லி பத்திரிகையில அந்தத் தீவப் பத்தி எழுதுனாங்க. பெரிய புள்ளைங்க வெயில் காலத்துல விடியறதுக்கே காட்டு வேலைக்குப் போயிட்டு, பதினொன்னு பன்னெண்டு மணிக்கு அப்படியே பள்ளிக்கூடத்துக்கு வருவாங்களாம், அவ்ளோ வெயில்ல உழைச்சிட்டு வந்தும் படிக்கிற ஆசை கொறையலன்னு எழுதியிருக்காங்க. இத மக வாசிச்சப்ப எங்கம்மா பக்கத்துலதான் கீரை ஆய்ஞ்சிட்டு இருந்தாங்க. “நாங்களும் அப்படித்தானடி”ன்னாங்க. இங்க மலாயா ரப்பர் தோட்டத்துல, இருட்டுல அவங்க அம்மாகூட பால் வெட்டுற வெட்டுக்காட்டுக்குப் போயி, பால் புடிக்கிற மங்கு தொடச்சி, காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கிற ஒட்டுப்பால் உருவிப் போட்டுட்டு, கையில நாத்தத்தோட பள்ளிக்கூடத்துக்கு ஓடுவாங்களாம். வாத்தியார் மூக்க சுளிக்க மாட்டாராம், அவரும் லயத்துல, அதான் தொழிலாளிங்க வீட்டு வரிசையில, இருந்தவர்தான். ஏழு வயசுலேருந்து பதினாலு வயசு வரைக்கும் பத்து புள்ளைங்களோ அதுக்கு மேலயோ இருந்தா தோட்டத்துல பள்ளிக்கூடம் வைக்கணும்னு மலாயாவோட 1923 தொழிலாளர் சட்டம் சொல்லுச்சு. ஆனா பல தோட்டத்துல ஆபீஸ் கணக்கு எழுதுற கிராணியோ, ஆளுங்கள வேலை வாங்குற கங்காணியோதான் வாத்தியார் வேலையும் பாத்தாங்க.

இன்னொன்னு, அமெரிக்காவுல அடிமையா பொறந்து தப்பிச்சு வந்த ஃபிரெடரிக் டக்ளஸ். பால்டிமோர்ல சின்னப் பையனா இருந்தப்ப தெருவுல வெள்ளக்காரப் பசங்களுக்கு ரொட்டி குடுத்து எழுத்து கத்துக்கிட்டவர். தப்பிச்சு வந்து சரியா பத்து வருசம் ஆன நாள்ல, 1848 செப்டம்பர் 3ஆம் தேதி, பழைய முதலாளி தாமஸ் ஆல்டுக்கே ஒரு கடிதம் எழுதி தன்னோட பேப்பர்லயே போட்டார். காரசாரமான கடிதம்தான். ஆனா எனக்குப் புடிச்ச எடம் வேற, எம் புள்ளைங்க மூணு பேரு பள்ளிக்கூடம் போறாங்க, ரெண்டு பேரு எழுதப் படிக்கத் தெரிஞ்சிக்கிட்டாங்க, இன்னொன்னு ரெண்டு அசை வார்த்தைய ஓரளவுக்கு எழுத்துக் கூட்டுதுன்னு அந்த ஆளுகிட்டயே சொல்றார் பாருங்க! பெத்தவன் பெருமை. நம்ம ஆளுங்க யாராவது தோட்டத்து மேனேஜர் தொரைக்கு இப்படி ஒரு கடிதம் எழுதியிருந்தா அது இப்ப எங்க இருக்கும்?

எங்க தோட்டம் கைமாறி செம்பனைக்குப் போனப்ப ஆபீஸ்ல இருந்த பேரேடு, பள்ளிக்கூட வருகைப் பதிவு எல்லாத்தையும் லாரியில அள்ளிப் போட்டு எரிச்சாங்க, நான் கண்ணால பாத்தேன். அதனால உங்ககிட்ட ஒன்னு கேக்குறேன். வாரத்துல ஒரு நாள் அரைப்பக்கம் ஒதுக்குங்க. பழைய வாத்தியாருங்க நோட்டு, ஊருக்கு எழுதுன கடிதம், சங்கத்து மனு, என்ன இருந்தாலும் வாசகர் போட்டோ எடுத்து அனுப்பட்டும், அப்படியே போடுங்க, தப்பு இருந்தா திருத்தாம.

நானே முதல்ல அனுப்புறேன். அம்மாவோட வாத்தியார் எழுதி வச்ச நோட்டு ஒன்னு அவர் வீட்டுக்காரங்க குடுத்தது எங்க அலமாரியில இருக்கு. முதல் நாலு பக்கத்த கரையான் தின்னுடுச்சு, அஞ்சாவது பக்கத்துலேருந்து எழுத்து தெளிவா இருக்கு.

இப்படிக்கு,
முன்னாள் தோட்டத்து மாணவி,
பகாவ், நெகிரி செம்பிலான்